நிறம் இல்லாமல் வந்த பட்டியல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும், பேரன் பேத்தி இருப்பார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. இந்த மலையில் நான்கு காபிப் பருவம்தான் வேலை பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போகிறேன், என் மேசையும் என் பைக்கும் என் குறிப்புகளும் உங்களுக்கு வருகின்றன. மேசையில் ஒரு கால் ஆடும், பைக்கில் பின் பிரேக் சரியில்லை. இரண்டையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். குறிப்புகளில் இருக்கும் கோளாறு அப்படிக் கண்ணில் படாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வேலையை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் காபிக்காரர்களின் தோட்டத்துக்குப் போவது, செடியைப் பார்ப்பது, குறித்துக்கொள்வது, எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. இதை விளக்க மாட்டேன். குறித்துக்கொள்வது என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் சறுக்கியது அங்கேதான்.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு நோட்டுப் புத்தகம் பிடிக்கவில்லை. இங்கே ஜூன் மாதம் வந்தால் பையில் இருக்கும் காகிதம் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். போனில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றைப் பிடித்தேன். அதன் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. ஆனால் அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஒரு தோட்டத்தைத் தொட்டால் அதன் வரிசைகள் விரியும், வரிசையைத் தொட்டால் செடிகள், செடியைத் தொட்டால் படம். எழுத்துக்கு நிறம் கொடுக்கலாம், பின்னால் நிறம் பூசலாம், மூலையில் சின்னக் கொடி நடலாம். நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நிறம் பூசிக்கொண்டே சேலம் வரை போயிருக்கிறேன். நம் அலுவலகத்தில் என்னோடு ஒரே நாளில் சேர்ந்த தோழி ஒருத்தி இருந்தாள், இப்போது மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடி இது, வேலையா கோலமா?" என்று கேட்பாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி செல்லம்மாள் அக்காவின் தோட்டத்துக்கு வருகிறேன். தலைச்சோலையில் ஒன்றரை ஏக்கர். அக்காவின் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மேலே வந்த குடும்பம். அக்காவும் அவர் கணவரும் வாரத்தில் ஐந்து நாள் எஸ்டேட்டுக்குப் போவார்கள், மிச்ச நேரம் எல்லாம் இந்தத் துண்டுக்கு. நீங்கள் முதல் வாரமே அங்கே போக வேண்டியிருக்கும். போனால் காபி கொடுப்பார். அதில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று சொல்லாதீர்கள், எப்படியும் குறையாது.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் இலைத்துரு நோய் வந்து பாதிச் செடிகள் மொட்டையாக நின்றன. அப்போதும் இலை உதிர்க்காமல், காயும் குறைக்காமல் நின்ற சில செடிகள் இருந்தன. அவற்றை இரண்டு பருவம் நானும் அக்காவும் சேர்ந்து கவனித்து, பதினொரு செடிகளைப் பொறுக்கினோம். விதைக்கான தாய்ச்செடிகள். டிசம்பரில் அவற்றில் மட்டும் பழம் எடுத்து, விதையாக்கி, நாற்று விட்டு, தோட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் புதிதாக நடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். கீழ்ப்பாதியில் பழைய செடிகளை ஏற்கெனவே வெட்டிவிட்டு, குழி எடுத்து, நிழலுக்குச் சில்வர் ஓக் கன்றும் வைத்தாயிற்று. அந்தப் பதினொரு செடிகளை நம்பி முக்கால் ஏக்கர் வெறுமனே காத்துக்கொண்டிருந்தது.

அதே தோட்டத்தில் வேறு சில செடிகளில் போரர் இறங்கியிருந்தது. தண்டுக்குள் புகுந்து குடைந்து தின்னும் ஒரு வண்டின் புழு அது. வெளியே பார்த்தால் இலை கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான். தண்டைக் கையால் தடவினால் பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்த மாதிரி தடிப்பு தட்டுப்படும். அப்படிப்பட்ட செடியை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும். எப்போது என்பதுதான் முக்கியம். அக்டோபரில் புழு வண்டாகி வெளியே பறந்து, பக்கத்துச் செடியில், பக்கத்துத் தோட்டத்தில் முட்டையிடும். செப்டம்பருக்குள் எடுத்தால் தப்பித்தோம்.

அக்காவிடம் இதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. பழைய சேலையைக் கிழித்து வைத்திருப்பார். போரர் செடிக்குச் சிவப்புத் துணி, தாய்ச்செடிக்குப் பச்சைத் துணி. நான் வந்து அதைப் பார்த்தேன். காட்டெருமை உரசிப் பாதித் துணி கீழே கிடந்தது. சிவப்பு வெயிலில் வெளுத்து ஆரஞ்சாகியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது.

"அக்கா, இந்தத் துணியெல்லாம் வேண்டாங்க்கா. எந்த வரிசை, எத்தனாவது செடின்னு நான் போன்ல ஏத்திட்டேன். சிவப்பு சிவப்பா இருக்கு, பச்சை பச்சையா இருக்கு. பாருங்க."

அக்கா போனை வாங்கி, தூரமாக வைத்துப் பார்த்தார். "நொம்ப நல்லாருக்குது கண்ணு. ஆனா துணி இருந்தா இருந்துட்டுப் போவுட்டுமே?"

"ரெண்டு இடத்துல இருந்தா குழப்பங்க்கா. அவுந்து விழுந்தத யாராவது வேற செடியில கட்டிட்டா?"

அது நியாயமான கேள்விதான். அதனால்தான் அக்கா ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு துணியாக அவரே அவிழ்த்து, உருட்டி, மடியில் போட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே நடந்து சரிபார்த்தேன். "கவனிக்க வேண்டிய செடிகள்" என்று ஒரே குறிப்பு, முப்பத்து நான்கு வரிகள். வரிசை எண், செடி எண். இருபத்து மூன்று சிவப்பு, பதினொன்று பச்சை. இது போரர், இது தாய்ச்செடி என்று எங்கேயும் எழுத்தில் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? நிறம் இருக்கிறதே.

அந்த ஆகஸ்டில் ஆப் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இத்தனை நாள் உடன் இருந்ததற்கு நன்றி, சேவையை நிறுத்துகிறோம், உங்கள் குறிப்புகளை இந்தப் பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது என்றால் ஒரு நிமிடம் கவலைப்பட்டிருப்பார்கள். எனக்கோ கொண்டாட்டம். புது ஆப் தேடும் சாக்கு கிடைத்துவிட்டது. ஒரே மதியத்தில் பொத்தானை அழுத்தினேன், எல்லாம் ஒரு பெரிய மூட்டையாக இறங்கியது, புது ஆப்பில் ஏற்றினேன். நாலைந்து குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். எழுத்து எழுத்தாக வந்திருந்தது. நான் திறந்து பார்த்தவை எல்லாம் மழை, உரம், கூட்டம் பற்றிய பத்திகள். நிறம் பூசாத குறிப்புகள். திருப்தியாகி, பழைய இடத்தில் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது என்று என் பதிவையே அழித்துவிட்டேன். "நிச்சயமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

செப்டம்பர் கடைசி வாரம். செடி எடுக்க மாதையன் மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் வருவதாக ஏற்பாடு. கொட்டச்சேடு ஊர்க்காரர். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல வாயாடி. தலைச்சோலைக்கு அவரால் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க முடியும், அடுத்த நாளிலிருந்து எஸ்டேட்டில் வேலை ஒப்புக்கொண்டிருந்தார். முந்தின நாள் பட்டியலை அவருக்கு அனுப்பினேன். அதற்கு முன்பெல்லாம் பழைய ஆப்பிலிருந்து அனுப்பினால் படமாகப் போகும், நிறத்தோடு போகும். சிவப்பை எடுக்க வேண்டும், பச்சையைத் தொடக்கூடாது என்பது அவருக்குப் பழக்கம். இந்த முறை புது ஆப்பில் பகிர் என்பதை அழுத்தினேன், அவர் பெயரைத் தொட்டேன், போனைப் பையில் போட்டேன். குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காலையில் பஸ் தாமதம். நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது தாண்டியிருந்தது. மேலே சேர்வராயன் கோயில் பக்கமிருந்து பனி இறங்கி, மிளகுக்கொடிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரைச் சத்தம் கேட்கவில்லை. ஐந்து பேரும் வேலி ஓரமாக நின்றிருந்தார்கள். மூன்று செடிகள் வேரோடு கீழே கிடந்தன.

"வாங்க போனு மேடம்," என்றார் மாதையன். வழக்கமாக அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் சிரிப்பில்லை. "ஏனுங், இதைக் கொஞ்சம் பாருங்."

எடுத்த செடியை எரிப்பதற்கு முன்னால் தண்டைப் பிளந்து பார்ப்பது அவர் வழக்கம். முதல் இரண்டு தண்டிலும் புழு குடைந்த வழி, மரத்தூள் மாவாக அடைத்துக் கிடந்தது. மூன்றாவது தண்டு பிளந்த இடத்தில் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. கிளை முழுக்கப் பச்சைக்காய்.

"பூச்சியே இல்லாத செடிய எடுக்கச் சொல்லீருக்கீங்களேன்னு நிறுத்திப்போட்டேன். போனு போட்டேனுங், டவர் இல்ல."

"சிவப்பு மட்டுந்தானே எடுக்கணும் அண்ணா?"

"எங்கீங் சிவப்பு?" தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த வாட்டி கலரே இல்லீங்களே. அத்தனையும் எடுக்கோணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

முப்பத்து நான்கு வரிகள். எல்லாம் கறுப்பு.

என் போனைத் திறந்தேன். அதிலும் கறுப்பு. மூடித் திறந்தேன். பனியில் திரை நனைந்ததால் அப்படித் தெரிகிறதோ என்று சட்டையில் துடைத்துக்கூடப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நேரத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அதற்குள் செல்லம்மாள் அக்கா ஆட்களுக்குக் காபித் தூக்கோடு மேலேறி வந்துவிட்டார். கீழே கிடந்த மூன்றாவது செடியைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காயோடு இருந்த ஒரு கிளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது நம்ம செடியல்லோ," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாதையனுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. "அக்கா, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் வர முடியாது. அடுத்த ஆளு கெடைக்கறதுக்குள்ள வண்டு பறந்துபோயிரும். பட்டியல்ல இருக்கறதெல்லாம் எடுத்துப்போட்டா பூச்சியாவது ஒழியும்."

"எடுத்தா விதைக்கு எங்க போறது மேஸ்திரி? கீழ முக்கால் ஏக்கரு குழி எடுத்துப் போட்டு வெச்சிருக்கறேன். அதுல என்ன, தண்ணி கட்டி மீனா வுடறது?"

"அப்ப எடுக்காம உட்டரலாங்களா?"

"எடுக்காம உட்டா, கீழ எங்க கொழுந்தனார் தோட்டம் இருக்குது. அவுங்க இந்த வருசந்தான் நட்டுருக்கறாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சில செடிகள் ஞாபகம் இருந்தன. ஒரு ஆறு ஏழு நிச்சயம். இன்னும் ஒரு பத்துப் பதினைந்து, கிட்டத்தட்ட நிச்சயம். வாயைத் திறந்து "மூணாவது வரிசை பத்தொன்பது சிவப்பு" என்று தொடங்கியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். நம்பும்படியாகச் சொல்ல எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன் அல்லவா. சொல்லவும் இருந்தேன். கடைசி நொடியில், "ஒரு நிமிஷம், போன் பேசிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, டவர் கிடைக்கும் மேட்டுப் பாறைக்கு ஓடினேன்.

அலுவலகத்தில் தோழி எடுத்தாள். கணினியில் இறக்கி வைத்த அந்த மூட்டையைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள்.

"வெறும் எழுத்துதான் இருக்கு. சிவப்புன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?"

"இல்ல. எழுத்தே சிவப்பா இருந்துச்சு."

"அது வராதுடி. எழுத்துதான் வரும். படமாவது எடுத்து வெச்சியா?"

"இல்ல."

"பழைய ஆப்ல?"

"அழிச்சுட்டேன்."

கோலம் என்று ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பாதி இருக்கு."

"அந்தப் பாதிய யாருகிட்டயும் சொல்லாத. நீ சொன்னா மிச்சப் பாதியும் அதுகூட ஒட்டிக்கிட்டு வந்துரும். தெரியலன்னு சொல்லு. செடி அங்கேயேதான நிக்குது? தடவிப் பாக்கச் சொல்லு."

இதைவிட நல்ல யோசனையை இந்த நான்கு வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "அக்கா, எது எதுன்னு எனக்குத் தெரியாதுங்க்கா. போன்ல போயிருச்சு. திரும்ப வராது. தப்பு என்னோடதுதான். பட்டியல்ல மிச்சம் இருக்கற முப்பத்தொரு செடியையும் இன்னொரு தடவ தடவிப் பாத்துரலாம். தடிப்பு இருந்தா போரர். இல்லாதது தாய்ச்செடி. ரெண்டு பேரு தனித்தனியா தடவி, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் கணக்கு."

மாதையன் வானத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "மத்தியானச் சோத்துக்கு மேல நிக்க மாட்டனுங்," என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். மடித்த விதத்திலேயே நிற்பார் என்று தெரிந்தது.

அக்கா ஒரு பக்கம், மாதையன் ஒரு பக்கம். தேங்காய் நாரை உள்ளங்கையில் வைத்து, தண்டைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துப் பாசியை எடுத்துவிட்டு, விரலால் தடவுவார்கள். அக்கா தடவி முடித்துத் தள்ளி நிற்பார், பிறகு மாதையன். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்ததால் என் காதில் வந்து சொல்ல வேண்டும். மாதையன் ஒவ்வொரு முறையும் கல்யாண ரகசியம் சொல்கிற மாதிரி கையை மறைத்துக்கொண்டு சொல்வார். "தடிப்புங். ரெண்டு எடத்துல. ஊட்ல சொல்லிராதீங்." நான்காவது செடியில் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் எழுதினேன். போனில்தான், ஆனால் ஒரு நிறமும் இல்லாமல். "வரிசை 3, செடி 19. போரர். தடிப்பு இரண்டு இடத்தில், முழங்கால் உயரம். பார்த்தது செல்லம்மாள், மாதையன்." ஒவ்வொரு வரியையும் எழுதியதும் சத்தமாகப் படித்தேன். அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தச் சேலைத் துணி உருண்டையை வரவழைத்தார். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். எழுதி முடித்த செடியில் துணியும் ஏறியது.

மத்தியானச் சோறு தாண்டிப் போயிற்று. மாதையன் அடுத்த தண்டைத் தேய்க்க நாரை எடுத்தார்.

முப்பத்தொரு செடியும் முடிந்தபோது தடிப்பில்லாத செடிகளை எண்ணினோம். காலையில் ஒன்று போய்விட்டதால் பத்து இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினோம். ஒன்பது.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது. நான் நிறம் பூசியதற்கும் இன்றைக்கும் இடையில், தாய்ச்செடி ஒன்றில் போரர் இறங்கியிருக்கிறது. சிவப்புத் துணி கட்டியவற்றில் ஒன்று, உண்மையில் பச்சை.

அக்கா சிவப்புத் துணிகளுக்கு நடுவே நடந்துபோனார். ஒரு செடியின் முன்னால் நின்றார். பாறையை ஒட்டி, ஒரு பக்கம் சாய்ந்து, தரையைத் தொடுகிற அளவுக்குக் காய் பிடித்த செடி.

"இதுதான்," என்றார். "இதுலதான் நான் சோத்துப் பைய மாட்டறது."

"நிச்சயமாங்க்கா?"

"பைய எதுல மாட்டறேன்னு எனக்குத் தெரியாதா சாமி?"

நான் அவசரமாகச் சொன்னேன், ஏனென்றால் காலையிலிருந்து ஏதாவது ஒன்றையாவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். "இதை இப்போ எடுக்க வேண்டாங்க்கா. தண்டைச் சுத்தி உரச்சாக்கு கட்டிரலாம், வண்டு வெளிய வராது. டிசம்பர்ல பழத்த எடுத்துட்டு அப்புறம் செடிய எடுத்துரலாம். அப்படிச் செய்யறாங்க."

"சாக்குக் கட்டுனா ஒரு வண்டுகூட வராதா?"

"பெரும்பாலும் வராதுங்க்கா."

"பெரும்பாலும்," என்று அக்கா திருப்பிச் சொன்னார். கீழே கொழுந்தனாரின் சின்னச் செடிகள் தெரிந்தன, முழங்கால் உயரம், வரிசை வரிசையாக. "அப்படி ஒன்னு தப்பி அங்க போனா, நீ வந்து எம் பக்கத்துல நிப்பியா?"

நான் செடியை விட்டு ஒதுங்கி நின்றேன்.

"எடுங்க மேஸ்திரி," என்றார்.

மாதையன் ஆட்களை அனுப்பாமல் தானே போனார். எடுத்து, வழக்கப்படி பிளந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு வழி, அதன் முடிவில் வெள்ளையாக ஒரு புழு. இன்னும் சில வாரத்தில் இறக்கை முளைத்திருக்கும். அக்கா எட்டிப் பார்த்து, "அடப் பாவி," என்றார், ஏறக்குறையப் பிரியமாக. பிறகு எல்லோருக்கும் ஆறிப்போன காபியைச் சுட வைக்கப் போனார்.

சிவப்புத் துணிச் செடிகள் எல்லாம் அன்று மாலைக்குள் எரிந்து முடிந்தன.

டிசம்பரில் ஒன்பது செடியில் பழம் எடுத்தோம். ஒன்பது செடியின் நாற்று கீழ்ப்பாதிக்குப் பற்றவில்லை, கடைசி நான்கு வரிசை அடுத்த வருடத்துக்கு என்று வெறுமனே நின்றது. அந்த வரிசைகளில் ஊடுபயிராக அக்கா பீன்ஸ் போட்டார், எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்பினார். "உன்னாலதான இந்த எடம் காலியா இருக்குது, நீ திங்காம யாரு திங்கறது?" என்றார்.

அதற்குப் பிறகு என் பழக்கம் மாறியது. நீங்களும் அப்படிச் செய்தால் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆப் நல்லதுதான், நானும் இன்னும் ஒன்றை வைத்திருக்கிறேன், நிறமும் பூசுகிறேன், கை சும்மா இருக்காது. ஆனால் நிறம் சொல்வதை எழுத்தும் சொல்ல வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் அது எந்தச் செடி, எந்தத் தேதி என்று எழுதுகிறேன். ஏனென்றால் மூட்டையில் படங்கள் ஒன்று இரண்டு மூன்று என்று பெயர் மாறித்தான் வந்தன, அவற்றில் பாதி யார் தோட்டம் என்று இன்றுவரை தெரியாது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, அந்த ஆப் இல்லாத வேறொருவர் போனில் திறந்து பார்க்கிறேன். அதிலும் அழகான குறிப்பைத் தேடிப் பிடித்துத் திறப்பேன், எனக்கு மிகவும் பிடித்ததை. கெட்டுப்போயிருந்தால் அதுதான் கெட்டுப்போயிருக்கும். அப்படிப் பார்க்காமல் பழையதை அழிப்பதில்லை. துணியை அவிழ்க்கச் சொல்வதுமில்லை.

இதெல்லாம் கற்றுக்கொண்டேன், இனி என் குறிப்பு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

போன வாரம் விடைபெற அக்கா வீட்டுக்குப் போனேன். புதுசாக ஒரு போன் வாங்கியிருந்தார், மலிவானது, திரையில் ஏற்கெனவே ஒரு விரிசல். தோட்டத்துக் குறிப்பை அதில் போட்டுத் தரச் சொன்னார். ஒரு ஆப்பும் வேண்டியிருக்கவில்லை, அனுப்பியதும் திறந்தது. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அக்கா ஐந்தாவது வரை படித்தவர். போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வரியாகப் படித்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார்.

"வரிசை மூணு… செடி இருவத்தி ரெண்டு… தாய்ச்செடி." வரிசையின் தொடக்கத்தில் எண் எழுதிய கல்லிலிருந்து விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். இருபத்திரண்டில் நின்றார். பச்சைத் துணி கட்டிய செடி அதற்கு முந்தையதில் இருந்தது.

"இது தப்பு கண்ணு."

"தப்பா இருக்காதுங்க்கா. அன்னைக்கு நீங்களும் மேஸ்திரியும் பாத்து, நான் சத்தமா படிச்சு எழுதுனது."

"அன்னைக்கு சரிதான். அப்பறம் பத்தொன்பதாவத எடுத்துப்போட்டமே? இப்ப எண்ணுனா இது இருவத்தியொன்னுதான் வருது. புதுசா வர்ற புள்ளைங்க வந்து எண்ணுனா பக்கத்துச் செடியத்தான் புடிக்கும்."

நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். பத்தொன்பது நின்ற இடத்தில் பள்ளம்கூட இல்லை, சருகு மூடியிருந்தது. எடுத்த செடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கிற அத்தனை செடிகளின் எண்ணும் நகர்ந்திருந்தது. ஒரு வருடமாக அந்தக் குறிப்பை எத்தனை போன்களில் திறந்து பார்த்திருப்பேன். தோட்டத்தில் வைத்து ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அக்கா போனை என்னிடம் நீட்டினார். "மொதல் வரிக்கு மேல ஒன்னு எழுது. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கல்லிலிருந்து எண்ணவும். செடி இல்லாத காலி இடத்தையும் சேர்த்து எண்ணவும்."

"ம்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சந்தேகமா இருந்தா செல்லம்மாளக் கூப்புடவும்னு போடு," என்றார்.

போட்டிருக்கிறேன். உங்களுக்கு வரும் கோப்பில் மூன்றாவது வரி அது.